விட்டுப் படித்த வரிகள்

ஞானாபரணத்துக்கு நல்ல குரல். மைசூர் லஷ்கர் மொகல்லாவில் இருந்த அந்தச் சின்னத் தமிழ்ச் சபையில் கடைசி பெஞ்சில் தூங்கி வழிபவரையும் அந்தக் குரல் நிமிர்ந்து உட்கார வைத்துவிடும். போதகர் மாதத்தில் இரண்டு ஞாயிறுதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியாரான ஞானாபரணமே வேதம் வாசித்துப் பிரசங்கமும் செய்வார். வார நாட்களில் சபையின் ஆரம்பப் பள்ளியில் வாத்தியார் வேலை.

நாற்பத்திரண்டாம் வருஷம், யுத்தம் பர்மா வரைக்கும் வந்துவிட்டிருந்த சமயம், பட்டாளத்துக்கு ஆள் எடுக்க வந்த ஓர் அதிகாரி அவரைப் பார்க்க வந்தார். வரும் ஞாயிறு தானும் சில சிப்பாய்களும் ஆராதனைக்கு வருவதாகவும், இளைஞர்களுக்கு உற்சாகம் தரும்படி நாலு வார்த்தை சொன்னால் நன்றாக இருக்கும் என்றும் மரியாதையாகக் கேட்டார். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஞானாபரணம் பிற்பாடு எத்தனையோ தடவை அந்த நாளை நினைத்துப் பார்த்திருக்கிறார். ஒரு தடவைகூட யாரோ தன்னைக் கட்டாயப்படுத்தியதாக அவரால் சொல்லிக்கொள்ள முடிந்ததில்லை.

ஒரு வாரம் உட்கார்ந்து பிரசங்கத்தைத் தயார் செய்தார். வேதத்தில் வரும் எரிகோ நகரத்தை எடுத்துக்கொண்டார். ஆறு நாள் ஜனங்கள் வாய் திறக்காமல் அந்தக் கோட்டையைச் சுற்றி வந்ததையும், ஏழாம் நாள் எக்காளம் ஊதி எல்லோரும் ஒரே குரலாக ஆர்ப்பரித்ததையும், மதில் இடிந்து விழுந்ததையும் சொன்னார். மதில் விழுகிற இடத்தில் அவர் கையை ஓங்கிப் பிரசங்க மேடையில் தட்டியபோது முன் வரிசையில் இருந்த சிப்பாய் ஒருவன் எழுந்தே நின்றுவிட்டான். படைக்கு முன்னால் கடவுளே நடந்து போகிறார் என்றார். பயப்படுகிறவன் வீட்டிலேயே இருக்கட்டும் என்றார். மதில் விழுந்த பிறகு அந்த ஊருக்குள் இருந்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதும் அதே அதிகாரத்தில்தான் எழுதியிருக்கிறது. கிழவர், பெண்கள், குழந்தைகள் என்று ஒருவர் மிச்சமில்லை. அதை அவர் வாசிக்கவில்லை. நேரமாகிவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அந்த வாரமே சபையிலிருந்து நாலு பேர் பெயர் கொடுத்தார்கள். அதில் ஒருவன் மாசிலாமணி. வயது பத்தொன்பது. ஒரு லாரி செட்டில் வண்டி கழுவிக்கொண்டிருந்தவன். அப்பா ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து, காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா தேவம்மா ஹனூர்ப் பக்கத்துக்காரி, கல்யாணமாகி மைசூருக்கு வந்தவள். வீட்டில் உட்கார்ந்து ஊதுவத்தி உருட்டிப் பிள்ளையை வளர்த்தவள்.

தேவம்மா மகனைக் கூட்டிக்கொண்டு ஞானாபரணத்தின் வீட்டுக்கு வந்தாள்.

"இவன் போறேங்கறானுங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க போகலாம்னு சொன்னா அனுப்பறேன். வேண்டாம்னு சொன்னா கட்டிப் போட்டாவது வெச்சுக்கறேன்" என்றாள்.

மாசிலாமணி சிரித்துக்கொண்டே வாசற்படியில் நின்றான். ஞானாபரணம் அவன் தலையில் கை வைத்தார். "தைரியமா அனுப்புங்க அக்கா. லாரி ஓட்டத்தானே போறான். கடவுள் பாத்துக்குவார்" என்றார்.

நாற்பத்துநாலாம் வருஷம் ஜூன் மாதம் தேவம்மாவுக்குத் தந்தி வந்தது. இங்கிலீஷில் இருந்ததால் தபால்காரரே அவளை உபதேசியாரிடம் அனுப்பிவைத்தார். மணிப்பூர் எல்லையில் ஒரு மலைப்பாதையில் மாசிலாமணி ஓட்டிப்போன லாரியின்மேல் ஜப்பான்காரர்கள் போட்ட குண்டு விழுந்திருந்தது. உடல் பற்றி ஒன்றும் எழுதவில்லை. ஞானாபரணம் வாசித்துத் தமிழில் சொன்னார். தேவம்மா கேட்டுக்கொண்டாள். தந்தியைத் திருப்பி வாங்கி மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டாள். "மாவு பெசஞ்சு வெச்சுட்டு வந்தனுங்க. காஞ்சு போயிரும்" என்று சொல்லிவிட்டு நடந்தாள். அவர் பின்னாலேயே போனார். அவள் வீட்டுக்குள் போய் மணைக்கு முன்னால் உட்கார்ந்து, கரியும் சந்தனத் தூளும் பிசைந்த கறுப்பு மாவை எடுத்து மூங்கில் குச்சியில் உருட்டினாள். பொழுது சாயும் வரை உருட்டினாள். அவர் வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

அடுத்த ஞாயிறிலிருந்து மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் வீட்டுக்குப் போக ஆரம்பித்தார். அவளுக்கு எழுத்துத் தெரியாது. அவர் ஒரு முக்காலியில் உட்கார்ந்து வேதம் வாசிப்பார். அவள் கை வேலையை நிறுத்தாமல் கேட்பாள். அவளாகக் கூப்பிடவில்லை. அவராகத்தான் போனார். போகாமல் இருக்க அவரால் முடியவில்லை.

ஆறுதலான இடங்களாகப் பார்த்து எடுப்பார். மேய்ப்பன், அமர்ந்த தண்ணீர், கண்ணீரைத் துடைக்கிற கை. ஆனால் அந்தப் புத்தகத்தில் ஆறுதலும் கோபமும் அடுத்தடுத்த வரிகளில் இருக்கின்றன என்பதை அவர் இத்தனை வருஷம் வாசித்தும் அப்போதுதான் சரியாகக் கவனித்தார். ஒரு சங்கீதம் கண்ணீராகத் தொடங்கும். நாலாவது வரியில் எதிராளியின் பல்லை உடைத்துப் போடும்படி கடவுளைக் கேட்கும். அப்படிப்பட்ட வரி வரும்போது அவர் குரலை மாற்றாமல் தாண்டிப் போய்விடுவார். தடுமாறாமல் இருப்பதற்காக எங்கே நிறுத்துவது, எங்கே தொடங்குவது என்று முதல் நாளே பென்சிலால் மெல்லிய கோடு போட்டுக்கொள்வார். வருஷம் ஏற ஏற அவர் புத்தகத்தில் கோடுகளும் ஏறின.

ஒரு தடவை தேவம்மா கேட்டாள். "ஏனுங்க, சாமிக்குக் கோவமே வராதுங்களா?"

"வந்தாலும் ஒரு நிமிஷந்தான் அக்கா" என்றார் அவர். அவள் அடுத்த குச்சியை எடுத்தாள்.

சுதந்திரம் வந்தது. அதற்கு அடுத்த வருஷம், பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தில் பெண்களுக்கு எழுத்தறிவு வகுப்பு தொடங்கினார்கள். மத்தியானம் மூன்று மணிக்குக் கன்னடம் சொல்லிக்கொடுத்தார்கள். மேலுகோட்டை ஐயங்கார் குடும்பத்துப் பெண் அம்புஜவல்லிதான் டீச்சர். இருபத்திரண்டு வயசு இருக்கும். அதட்டாமல் சொல்லித்தருகிறாள் என்று கேள்விப்பட்டுத் தேவம்மாவும் போனாள். ஆறே மாதத்தில் எழுத்துக் கூட்டி வாசிக்கக் கற்றுக்கொண்டாள். கன்னட சபைக்காரர்கள் யாரிடமோ கேட்டு ஒரு பழைய கன்னட வேதாகமம் வாங்கி வைத்துக்கொண்டாள். ஞானாபரணத்துக்கு இது தெரியும். சந்தோஷப்பட்டார். அதில் தனக்கு என்ன வரப்போகிறது என்று அவருக்குத் தோன்றவேயில்லை.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு அவர் போனபோது மணையும் மாவும் ஓரமாக இருந்தன. தேவம்மா கையைக் கழுவிவிட்டு, மடியில் அந்தக் கன்னடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க உபதேசியாரே. உக்காருங்க. இன்னிக்கி நான் படிக்கறனுங்க. நீங்க கேளுங்க."

"ரொம்ப நல்லது அக்கா. படிங்க."

விரலை வைத்து எழுத்தெழுத்தாக வாசித்தாள். சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட ஜனங்கள் அந்நிய தேசத்து ஆற்றங்கரையில் உட்கார்ந்து ஊரை நினைத்து அழுகிற சங்கீதம். அவர் அவளுக்கு இருபது தடவையாவது வாசித்திருப்பார். அவளுக்கு அது மனப்பாடம். அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்திருந்தாள். தெரிந்த விஷயமென்றால் எழுத்து சுலபமாகக் கூடி வரும் என்று டீச்சர் சொல்லியிருந்தாள். வாத்தியங்களை மரத்தில் மாட்டிவைத்த இடம் வந்தது. ஊரை மறந்தால் என் கை விளங்காமல் போகட்டும் என்கிற இடம் வந்தது. அவர் வழக்கமாக நிறுத்துவது அங்கேதான். தேவம்மா நிறுத்தவில்லை.

கடைசி இரண்டு வரியையும் வாசித்தாள். தங்கள் ஊரை அழித்தவர்களின் குழந்தைகளைப் பிடித்துப் பாறையில் மோதி அடிக்கப்போகிறவனை வாழ்த்துகிற வரிகள். ஒவ்வொரு சொல்லையும் இரண்டு தடவை கூட்டினாள். முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நாந்தான் தப்பாக் கூட்டறேன்னு நெனச்சனுங்க. அம்புஜவல்லியம்மாகிட்டக் கொண்டுபோய்க் காட்டினேன். அந்தம்மா படிச்சுப்போட்டு, 'ஆமா தேவம்மா, அப்படித்தான் போட்டிருக்கு'ன்னாங்க. உங்க தமிழுப் பொஸ்தகத்துல இது இல்லீங்களா?"

"இருக்கு" என்றார் ஞானாபரணம்.

"அப்புறம் ஏனுங்க படிக்கலை?"

"உங்க மனசு நோகக்கூடாதுன்னுதான் அக்கா."

"எம் மனசுங்களா, உங்க மனசுங்களா?"

தேவம்மாவின் குரல் உயரவில்லை. புத்தகத்தை மூடாமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நாலு வருசமா எனக்குக் கோவமுங்க உபதேசியாரே. அந்தக் குண்டைப் போட்டவன் ஊரு பத்தி எரியோணும், அவன் பெத்ததும் சாகோணும்னு வேண்டிக்கிட்டேன். அப்புறம் ஜப்பான்ல ரெண்டு ஊரு, ஊருக்கு ஒரே குண்டுல போச்சுன்னு நீங்கதான் பேப்பர் பாத்துச் சொன்னீங்க. அன்னிக்கி எனக்குச் சந்தோசமா இருந்துச்சுங்க. சோறு வடிச்சு வயிறு நெறயத் தின்னேன். மக்யா நாளு எந்திரிச்சா எம்மேலயே எனக்கு அருவருப்பு. அங்க எத்தன குழந்தைங்க இருந்திருக்கும்? அப்புறம் செபம் பண்ண வாயே வரலீங்க. இப்படி நெனக்கறவ நான் ஒருத்திதான், நான் மனுசியே இல்லைன்னு இருந்தேன். நீங்க வாரா வாரம் வந்து தேனாட்டமாப் படிச்சீங்க. கேக்கக் கேக்க எனக்கு இன்னும் பயமாத்தான் இருந்துச்சு."

அந்த வரிகள் இருந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"இந்தப் பொஸ்தகத்துலயே ஒருத்தன் என்னாட்டம் அழுதுபோட்டு, என்னாட்டமே கெட்டதை வேண்டி, அதையும் மறைக்காம எழுதி வெச்சிருக்கறான். அது சரின்னு நான் சொல்லலீங்க. ஆனா அவன் இருக்கறான்னு தெரிஞ்சிருந்தா நான் இத்தன நாளு தனியா இருந்திருக்க மாட்டனுங்களே."

"அக்கா…"

"அன்னிக்கி சண்டைய மட்டும் படிச்சீங்க. எம் பையன் போனான். அப்புறம் சமாதானத்த மட்டும் படிச்சீங்க. நான் ஊமையாப் போனேன். முழுசா எப்பத்தானுங்க குடுப்பீங்க எங்களுக்கு?"

அவர் முக்காலியிலிருந்து எழுந்தார். மன்னிக்க வேண்டும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அவளோ மணையை இழுத்துப் போட்டுக்கொண்டு மாவை எடுக்க ஆரம்பித்துவிட்டாள். "இனி வராதீங்க. நானே படிச்சுக்கறேன்" என்றாள்.

வீட்டுக்கு வந்து ஞானாபரணம் ரப்பரை எடுத்துப் பென்சில் கோடுகளை அழித்தார். சில கோடுகள் போய்விட்டன. அழுத்திப் போட்ட இடங்களில் காகிதத்தில் பள்ளம் விழுந்திருந்தது. மனைவி என்ன என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றார். மூன்று வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

செப்டம்பரில் நிஜாமின் ஹைதராபாத்துக்குள் இந்தியப் படை போயிற்று. ஐந்து நாளும் தெருவில் ரேடியோ இருந்த வீடுகளின் வாசலில் கூட்டம் நின்றது. வெள்ளிக்கிழமை நிஜாம் பணிந்துவிட்டார் என்று செய்தி வந்தது. சிலர் பட்டாசு வெடித்தார்கள். மண்டி மொகல்லாவில் முஸ்லிம்கள் வைத்திருந்த கடைகள் இரண்டு நாளாகப் பாதிக் கதவு மூடியே இருந்தன. அந்த ஞாயிறு நன்றி செலுத்தும் ஆராதனை நடத்த வேண்டும் என்று சபைப் பெரியவர்கள் முடிவு செய்தார்கள். போதகர் ஊரில் இல்லை. ஞானாபரணத்திடம் வந்தார்கள்.

"யுத்த காலத்துல எரிகோவைப் பத்திப் பேசினீங்களே, அது மாதிரி ஒண்ணு வேணும். இன்னும் அதைப் பத்தித்தான் எல்லாரும் பேசறாங்க" என்றார் ஒரு பெரியவர்.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். அவர் சரி என்றார். தேவம்மா கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல இதுதான் இடம் என்று நினைத்தார். எங்கே பாவம் செய்தோமோ அங்கேயே நின்று அறிக்கையிட வேண்டும் என்று தோன்றியது. அந்த எண்ணம் அவருக்கு ஒரு நிம்மதியைக் கொடுத்தது. அந்த நிம்மதியைப் பார்த்தே சந்தேகப்பட்டிருக்க வேண்டும் என்று பின்னால் உணர்ந்தார்.

சபைக் கோவில் நிறைந்திருந்தது. தேவம்மா வழக்கம்போலப் பெண்கள் பக்கத்தில் நாலாவது பெஞ்சில், சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். ஞானாபரணம் எரிகோவின் அதிகாரத்தை முதலிலிருந்து முழுவதும் வாசித்தார். எக்காளத்தை வாசித்தார். மதில் விழுந்ததை வாசித்தார். அதற்குப் பிறகு பட்டயத்துக்கு இரையானவர்களையும், வயது வாரியாக எழுதியிருந்தபடியே வாசித்தார். ஆடு மாடு வரைக்கும் வாசித்தார். பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இதே இடத்துல நின்னு ஆறு வருஷத்துக்கு முன்னால நான் இதுல பாதியைத்தான் வாசிச்சேன்" என்றார். குரல் தானாகவே ஏறியது. அது அவருக்குத் தெரிந்த ஏற்றம்தான். "மதில் விழுந்ததைச் சொன்னேன். யார் மேல விழுந்ததுன்னு சொல்லலை. சுவிசேஷத்துல ஒருத்தர் பட்டயத்தை உருவினப்போ உறையில போடுன்னு சொன்னவர் பேரையும் அன்னிக்கு நான் எடுக்கலை. பாதி வேதத்தைக் கேட்டுட்டு இந்தச் சபையிலேருந்து நாலு பிள்ளைங்க போனாங்க. அதுல ஒருத்தன் திரும்பி வரலை. அந்த மாசிலாமணியோட ரத்தம்…"

அந்தப் பெயரில் அவர் குரல் உடைந்தது. கேட்டவர்களில் இரண்டு மூன்று பெண்கள் விசும்பினார்கள்.

தேவம்மா எழுந்து நின்றாள்.

"அங்க நின்னுக்கிட்டு எம் பையன் பேரைச் சொல்லாதீங்க உபதேசியாரே."

உரக்கச் சொல்லவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது.

"போகச் சொல்றதுக்கும் அவன்தான் வேணுமுங்களா? அழுவறதுக்கும் அவன்தான் வேணுமுங்களா?"

சேலைத் தலைப்பைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டு, பெஞ்சில் இருந்தவர்களின் காலைத் தாண்டி வெளியே வந்து, நடுப்பாதையில் நடந்து வாசலைக் கடந்து போனாள். ஞானாபரணம் மேடையில் நின்றார். மிச்சப் பிரசங்கம் காகிதத்தில் இருந்தது. நன்றாக எழுதிய பிரசங்கம்தான். கையை ஓங்க வேண்டிய இடம்கூட அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் காகிதத்தை மடித்துக்கொண்டு படியிறங்கி, முன் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். ஒரு பெரியவர் எழுந்து அவசரமாக ஒரு பாட்டின் எண்ணைச் சொன்னார்.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனார். உள்ளே கூப்பிடமாட்டாள் என்று தெரிந்தே போனார். தேவம்மா கதவருகே வந்தாள். கண் சிவந்திருந்தது.

"கெட்டது நெனச்சுச் சொல்லலை அக்கா" என்றார்.

"தெரியுமுங்க. நீங்க கெட்டவரில்லை. அன்னிக்கும் கெட்டவரில்லை." கதவின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டாள். "அவன் பேரு எங்கிட்ட மட்டும் இருந்தாப் போதுமுங்க. அது ஒண்ணுதான் மிச்சம் இருக்குது. அதையும் நாலு பேரு முன்னால எடுத்துப் போடாதீங்க. போயிட்டு வாங்க."

அவர் போதகரிடம் எழுதிக் கொடுத்துப் பிரசங்க வேலையிலிருந்து விலகிக்கொண்டார். பெரியவர்களுக்கு அதில் வருத்தமில்லை. ஐம்பதாம் வருஷம் ஹனூருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை கிடைத்தது. குடும்பத்தோடு போய்விட்டார். அங்கே யாருக்கும் அவரைப் பிரசங்கியாகத் தெரியாது. ஞாயிறுகளில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, மற்றவர்கள் வாசிப்பதைக் கேட்டுவிட்டு வருவார்.

தேவம்மாவுக்குச் சொல்ல வேண்டியதை மனசுக்குள் எழுதிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பள்ளிக்கு நடந்து போகும்போது ஒரு மாதிரி வரும். திரும்பி வரும்போது வேறு மாதிரி வரும். ஒவ்வொன்றும் கேட்க நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததனாலேயே ஒவ்வொன்றையும் தள்ளிப்போட்டார். அன்றைக்கு அவள் மகனைக் கூட்டிக்கொண்டு வந்து கேட்டபோது, "எனக்குத் தெரியலை அக்கா" என்று மட்டும் சொல்லியிருந்தால் போதும். அவள் கட்டிப் போட்டிருப்பாள். அந்த ஒரு வாக்கியத்துக்குக் குரல்வளம் ஒன்றும் தேவைப்பட்டிருக்காது.

ஐம்பத்தைந்தில் கண்ணாடி மாற்றுவதற்காக மைசூருக்கு வந்தார். வேலை முடிந்து தேவராஜ மார்க்கெட் பக்கம் வரும்போது, வெற்றிலைக் கடைக்கு முன்னால் தேவம்மா நின்றிருந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. கூட இரண்டு பெண்கள், கையில் சிலேட்டோடு இருந்தார்கள். அவள்தான் முதலில் பார்த்தாள்.

"உபதேசியாருங்களா! எப்ப வந்தீங்க? ஊட்டுக்காரம்மா சௌக்கியமுங்களா? அவங்க முட்டி வலி எப்படி இருக்குது?"

"பரவாயில்லை அக்கா. நீங்க எப்படி இருக்கீங்க?"

"இருக்கறனுங்க. வத்தி உருட்ட முடியறதில்லை, வெரலு மடங்க மாட்டேங்குது. இவங்களுக்கு எழுத்துச் சொல்லிக் குடுக்கறேன். அம்புஜவல்லியம்மா கல்யாணமாகிப் பெங்களூரு போயிட்டாங்க, வகுப்பை என் தலையில கட்டிப்போட்டாங்க." சிரித்தாள். பிறகு அவரை உற்றுப் பார்த்தாள். "ஏனுங்க, தொண்டைக்கு என்ன ஆச்சு? கொரலே எழும்ப மாட்டேங்குது?"

"பேசறது கொறைஞ்சுபோச்சு அக்கா."

அவள் தலையை ஆட்டினாள். ஹனூர்ப் பக்கம் மழை பெய்ததா, ராகி எப்படி என்று கேட்டாள். அவர் சொன்னார். ஏழு வருஷமாக எழுதி வைத்ததில் ஒரு வரிகூட நாக்குக்கு வரவில்லை. வந்திருந்தாலும், வெற்றிலை வாங்க வந்தவளை நடுத்தெருவில் நிறுத்தி அதைச் சொல்ல அவருக்கு மனம் வந்திருக்காது. கூட வந்த பெண்கள் நேரமாகிறது என்றார்கள். "பஸ்ஸு போயிரப் போகுது, போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுத் தேவம்மா சாலையைக் கடந்து போனாள்.

ஹனூர்ப் பக்கம் போக ஏறிய கொள்ளேகால் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வண்டி நகர்ந்த பிறகுதான், இன்னும் உங்களுக்குக் கோபம் இருக்கிறதா அக்கா என்று கேட்டிருக்கலாமே என்று தோன்றியது. கேட்டிருந்தால் அவள் உள்ளதைச் சொல்லியிருப்பாள். அதனால்தான் கேட்கவில்லை என்பதும் அவருக்குத் தெரிந்தது. புதுக் கண்ணாடி மூக்கில் உறுத்தியது. அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.